‘வயசு போனா அப்பிடித்தான்’ ஒரு நோயின் பெயரல்ல

எங்களில் ஒருத்தியின் அம்மம்மாவுக்கு 81 வயது. போன மாரியில் ஒருநாள் இரவு ஆட்களை மாறி மாறிப் பெயர் சொல்லிக் கதைக்கத் தொடங்கினா. செத்துப்போன தாத்தாவைச் சாப்பிடக் கூப்பிட்டா. அன்று பின்னேரம் வரைக்கும் முற்றத்தில் இருந்து முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்த மனுசி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். “எத்தினை வயசு?” என்று கேட்டார்கள். சொன்னோம். “வயசு போனா அப்பிடித்தான், மறதி வரும்” என்றார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் கூடிய பிறகுதான் சலத்தைச் சோதித்தார்கள். கிருமி. மருந்து போட்டு ஒரு கிழமையில் அம்மம்மா பழையபடி எங்களுக்குப் பேச்சு விழுத்தத் தொடங்கினா.

அந்த மூன்று நாளும் அவவுக்கு இருந்ததன் பெயர் டெலிரியம், அதாவது திடீர் மனக்குழப்பம். மறதி நோய் மாதக்கணக்கில், வருசக்கணக்கில் மெல்ல மெல்ல வரும். டெலிரியம் மணிக்கணக்கில், நாள்கணக்கில் வரும். கிருமித்தொற்று, உடம்பில் தண்ணீர் குறைவது, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய ஒரு குளிசை, எதுவும் காரணமாகலாம். காரணத்தைக் கண்டுபிடித்தால் பெரும்பாலும் சரிப்படுத்தலாம். பிரித்தறிய ஸ்கேன் தேவையில்லை. “இது எப்ப தொடங்கினது?” என்று வீட்டு ஆட்களிடம் கேட்டிருந்தாலே முக்கால்வாசி விளங்கியிருக்கும்.

அன்றைக்கு டியூட்டியில் நின்றவரை நாங்கள் திட்ட வரவில்லை. விடுதி நிரம்பி, நிலத்திலும் ஆட்கள் கிடந்த இரவு அது. எங்கள் கோபம் அவரைப் படிப்பித்த முறையில்தான். எங்கள் மருத்துவபீடங்களில் இறுதி ஆண்டு பெரிய பாடங்கள் ஐந்து: பொது மருத்துவம், சத்திரசிகிச்சை, குழந்தை மருத்துவம், மகப்பேறும் பெண்ணோயியலும், உளமருத்துவம். பிள்ளை என்பது சின்ன அளவிலான பெரிய ஆள் அல்ல, அதன் உடம்பு வேறு, மருந்தளவு வேறு என்று தனியாகப் படிப்பிக்கிறார்கள். சரியான விசயம். அப்படியென்றால் 80 வயது உடம்பு மட்டும் சுருக்கம் விழுந்த 40 வயது உடம்பா?

2012 குடிசனக் கணக்கெடுப்பில் இலங்கையில் 65 வயதைத் தாண்டியவர்கள் 7.9 வீதம். 2024 இல் அது 12.6 வீதம். எட்டுப் பேரில் ஒருவர். கிளினிக் வாங்கில் விடியவே வந்து கொப்பியோடு குந்தியிருப்பவர்களை எண்ணிப் பாருங்கோ, எட்டில் ஒன்றோடு நிற்காது. ஆஸ்பத்திரிக்கு அதிகம் வருகிற ஆட்களைப் பற்றித்தான் எங்கள் ஆஸ்பத்திரிகளுக்குக் குறைவாகச் சொல்லிக்கொடுக்கப்படுகிறது.

குளிசை விசயத்தைப் பாருங்கோ. மார்க் பியர்ஸ் என்ற அமெரிக்க வைத்தியர், வயதானவர்களுக்குக் கொடுக்காமல் தவிர்க்கவேண்டிய மருந்துகளின் பட்டியல் ஒன்றை 1991 இல் வெளியிட்டார். அதை இன்றும் புதுப்பித்து வருகிறார்கள். தடிமன், கடி என்றவுடன் நாங்கள் வாங்கிக் கொடுக்கிற பிரிட்டோன், அதாவது குளோர்பெனிரமைன், அந்தப் பட்டியலில் இருக்கிறது. நித்திரைக்குக் கொடுக்கும் டயஸிபாமும் இருக்கிறது. இவை வயதானவர்களைத் தடுமாற வைக்கும், விழுத்தும், மூளையைக் குழப்பும். பிரஷருக்கு ஒரு கிளினிக், சீனிக்கு ஒரு கிளினிக், மூட்டுக்குத் தனியார் வைத்தியர் என்று மூன்று இடத்துத் துண்டுகளோடு திரியும் அப்பாச்சியிடம், “எல்லாக் குளிசையையும் ஒரு பையில போட்டுக் கொண்டு வாங்கோ, ஒருக்கா பாப்பம்” என்று சொல்ல ஒருவரும் இல்லை.

இதுக்கெல்லாம் காசு எங்கே, ஆட்கள் எங்கே என்று கேட்பார்கள். 2022 க்குப் பிறகு வைத்தியர்களும் தாதியரும் கப்பல் ஏறுகிறார்கள் என்பது எங்களுக்கும் தெரியும். எங்கள் கூட்டாளிகளும் அதில் இருக்கிறார்கள். ஆனால் ஒருவரைக் கதிரையிலிருந்து எழும்பி, மூன்று மீற்றர் நடந்து, திரும்பி வந்து இருக்கச் சொல்லிப் பார்க்க என்ன செலவு? 12 செக்கனோ அதுக்கு மேலோ எடுத்தால் அவர் விழக்கூடியவர். ஒரு கதிரையும் மணிக்கூடும் போதும். பார்க்கத் தெரிந்த கண்தான் இல்லை.

காசில்லாத நாடு இதைச் செய்யமுடியாது என்பது பொய் என்று எங்கள் நாடே காட்டியிருக்கிறது. 1926 இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியது. பிறகு ஊர் ஊராகப் பயிற்றப்பட்ட குடும்பநல மாதர் வீடு வீடாகப் போனார்கள். 1940களின் நடுப்பகுதியில் இலட்சம் பிறப்புக்கு ஆயிரத்துக்கும் மேல் தாய்மார் இறந்த நாட்டில் இன்று அது 30 அளவில் நிற்கிறது. பணக்கார நாடாகி அதைச் செய்யவில்லை. சாதாரண பெண்களுக்கு வடிவாகப் பயிற்சி கொடுத்துச் செய்தோம். பிறக்கிற பிள்ளையைத் தேடி வீட்டுக்கு ஆள் வருகிற நாட்டில், படலைவரை நடக்க ஏலாத கிழவியைத் தேடி ஏன் ஒருவரும் வருவதில்லை?

இன்னொரு பதில் எங்களுக்கு இன்னும் கோபத்தைத் தருகிறது: “பெத்தவையைப் பாக்கிறது பிள்ளையளின்ர கடமை.” 2000 ஆம் ஆண்டின் முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டமும் பிள்ளைகளின் பொறுப்பைச் சொல்கிறதுதான். ஆனால் பாசம் இருந்தால் டெலிரியம் கண்டுபிடிக்கலாமா? பிள்ளைகள் கனடாவில் இருந்தால்? யுத்தத்தில் போய்விட்டிருந்தால்? “பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ” என்று வன்னியில் ஒரு தாயிடம் சொல்லமுன் என்ன கேட்கவேண்டும் என்பதும் பயிற்சிதான்.

வேடிக்கை என்னவென்றால், முதியோரைப் பராமரிக்கும் பயிற்சி இந்த நாட்டில் இல்லாமல் இல்லை. எங்கள் வயது ஆட்கள் யப்பானுக்கும் இஸ்ரேலுக்கும் போவதற்கு ‘கெயார்கிவர்’ கோர்ஸ் படிக்கிறார்கள். கட்டிலில் கிடப்பவரை எப்படித் திருப்புவது, புண் வராமல் எப்படிப் பார்ப்பது, எப்படிக் கதைப்பது, எல்லாம் பழகுகிறார்கள். போகிறவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் இல்லை. ஆனால் வெளிநாட்டுக் கிழவருக்குத் தகைமை கேட்கிற அரசு, உள்ளூர்க் கிழவருக்குப் பொறுமை மட்டும் கேட்கிறது.

பட்டப்பின் மருத்துவ நிறுவகம் முதியோர் மருத்துவத்தில் பயிற்சி தருகிறது, நல்லது. ஆனால் விரல்விட்டு எண்ணக்கூடிய நிபுணர்களை வைத்து இதைத் தீர்க்க ஏலாது. எங்கள் அம்மம்மாவை இரவு பார்ப்பவர் நிபுணர் அல்ல, இன்ரேர்ன். பகலில் பார்ப்பவர் தாதி.

லண்டனில் 1935 இல் மார்ஜரி வாரன் என்ற வைத்தியர் வெஸ்ட் மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரியில் ‘இனி ஒன்றும் செய்ய ஏலாது’ என்று ஒதுக்கப்பட்டிருந்த 714 கட்டில்களைப் பொறுப்பெடுத்தார். ஒவ்வொருவரையும் ஒழுங்காகப் பரிசோதித்தார், எழுப்பி நடக்க வைத்தார். படுக்கையோடு கிடந்தவர்கள் பலர் வீட்டுக்குப் போனார்கள். புதுமருந்து எதையும் அவர் கண்டுபிடிக்கவில்லை.

ஆகவே நாங்கள் கேட்பது இதுதான். மருத்துவ, தாதிய, இயன்மருத்துவ மாணவர் ஒவ்வொருவருக்கும் முதியோர் பராமரிப்பில் கட்டாயப் பயிற்சி நாட்களும், அதில் சித்தியடைய வேண்டிய பரீட்சையும் வேண்டும். வேலையில் இருப்பவர்களுக்கும் குடும்பநல மாதருக்கும் டெலிரியம், விழுதல், குளிசை மீளாய்வு ஆகிய மூன்றிலாவது தமிழிலும் சிங்களத்திலும் பயிற்சி வேண்டும். தமிழ் தெரியாத வைத்தியர் முன் காது கேளாத ஆச்சியை இருத்திவிட்டு அதைச் சிகிச்சை என்று சொல்லக்கூடாது.

இதை வாசிக்கிறவர்களில் வெள்ளைக் கோட்டுப் போடப்போகிறவர்கள் இருப்பீர்கள். விரிவுரையாளரிடம் இதைக் கேளுங்கோ. மற்றவர்கள், அடுத்தமுறை யாராவது உங்கள் அம்மம்மாவைப் பார்த்து “வயசு போனா அப்பிடித்தான்” என்றால், மரியாதையாகத் திருப்பிக் கேளுங்கோ: “நேற்று இவ நல்லா இருந்தவ. நேற்றும் இதே வயசுதானே?”