மஞ்சள் கடிதமும் மானமும்

செஞ்சிக் கோட்டைக்கு ஒரு கடன் கதை உண்டு. கப்பப் பாக்கியைக் கட்டு என்றார் ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கான். கட்டமாட்டேன் என்றான் இளைஞன் தேஜ்சிங். நாட்டுப்பாடல்கள் தேசிங்குராஜன் என்று கொண்டாடுவது அவனைத்தான். 1714இல் போர் மூண்டது, அவன் மாண்டான், அவன் மனைவி உடன்கட்டை ஏறினாள் என்று கதை முடிகிறது. பாக்கி வைத்தவன் களத்திலே மடிந்தான். பாக்கி வைக்காத பெண் தீயிலே மடிந்தாள். அதற்குக் கற்பு என்று ஒரு பெயரும் மானம் என்று மற்றொரு பெயரும் சூட்டி, முந்நூறு ஆண்டுகளாகத் தலையாட்டி மகிழ்ந்து வருகிறோம்.

2025ஆம் ஆண்டிலே அந்தக் கோட்டைக்கு உலக மரபுச் சின்னம் என்ற பெருமையை யுனெஸ்கோ அளித்தது. நல்லது, மலைமேல் உள்ள கற்களைக் காக்க உலகமே முன்வந்துவிட்டது. மலையடியிலே, சிற்றூர்களிலே, கடை நொடித்துக் கதவை மூடிக்கொண்டு கண்ணீர் வடிக்கும் குடும்பங்களைக் காக்க முன்வருவோர் யார்?

தோழர்களே! செஞ்சியை அடுத்த மேல்சித்தாமூரை நினைத்துக்கொள்ளுங்கள். தமிழ்ச் சமணரின் மடம் அமைந்த ஊர். உழவர் நிறைந்த வட்டாரம். அத்தகைய ஊரிலே ஒரு மளிகைக் கடை. பெயர் வேண்டாம், எந்த ஊரிலும் இருக்கும் கடைதான் அது. நெல் அறுத்ததும் தருகிறேன், மணிலா விற்றதும் தருகிறேன் என்று உழவர் சொல்ல, கடைக்காரர் நோட்டிலே எழுதிக்கொள்கிறார். அவருக்குச் சரக்குத் தந்த செஞ்சி மொத்த வியாபாரியோ, திங்கள் முடிந்ததும் பணம் கேட்கிறார். வரவேண்டியது வரவில்லை, தரவேண்டியது நிற்கவில்லை. இடையிலே விழுந்த பள்ளத்தை நிரப்பத் தண்டல்காரரிடம் போகிறார்.

பத்தாயிரம் கடன் என்று பேச்சு. கையில் தருவது 8,500. முதலிலேயே 1,500 பிடித்தம்! நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்டவேண்டும். ஆண்டுக் கணக்கிட்டுப் பார்த்தால் நூற்றுக்கு நூறையும் தாண்டும் வட்டி இது. அதைக் கட்ட முடியாமல் பத்து வட்டிக்கு ஓடுகிறார். ஓர் இலட்சத்துக்குத் திங்கள்தோறும் பத்தாயிரம். பத்துத் திங்கள் கட்டினால் வாங்கிய பணம் முழுவதும் போய்விட்டது, ஆனால் அசல்? அசையவில்லை, அப்படியே நிற்கிறது!

முடிவிலே ஒருநாள் கடை திறக்கவில்லை. அன்றே ஊர் வாய் திறந்துவிடுகிறது. 'போன பிறவியில் என்ன பாவம் செய்தானோ' என்கிறார் ஒருவர். 'கடையின் வாசல் வாஸ்துப்படி இல்லை' என்கிறார் மற்றொருவர். 'ஏழரைச் சனி' என்கிறார் சோதிடர். அதைச் சொல்வதற்கும் தட்சணை வாங்கிக்கொள்கிறார், அந்த நொடித்த குடும்பத்தினிடமே!

சனியா கடையைச் சாத்தியது? கணக்கைப் பார்ப்போம். 2016 நவம்பர் 8ஆம் நாள் இரவு, 500 ரூபாய், 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாதென அறிவித்தது இந்திய அரசு. ரொக்கத்தை நம்பிய சிறுகடைகள் தத்தளித்தன. 2020 மார்ச்சிலே நாடு முழுவதும் ஊரடங்கு. கதவு அடைபட்டது, கடன் அடைபடவில்லை. 2024 நவம்பர் இறுதியிலே பெஞ்சல் புயல். விழுப்புரம் மாவட்டத்து மயிலத்திலே ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை ஒரே மூச்சில் கொட்டியது. வயல் மூழ்கியது, வயலை நம்பித் தந்த கடைக்கடனும் மூழ்கியது. இவற்றுள் எது கிரகத்தின் வேலை? எது முற்பிறவியின் விளைவு? ஆட்சியின் ஆணை, நோயின் பரவல், வானத்தின் மழை, வட்டியின் பசி. கண்ணுக்குத் தெரியும் காரணங்கள் நான்கு இருக்க, காணாத கர்மத்தைத் தேடுவானேன்? தேடுவதால் ஆதாயம் உண்டு. கர்மத்தைக் காட்டிவிட்டால் கந்துவட்டியைக் காட்டவேண்டியதில்லை.

இனி, 'மஞ்சள் கடிதாசு' என்ற சொல்லுக்கு வருவோம். கடனைத் தீர்க்க இயலாதவர் நீதிமன்றத்திலே நொடிப்பு மனுக் கொடுத்தால், 'மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டான்' என்று ஊர் எள்ளி நகையாடும். திருடியவனைக்கூட மறந்துவிடும் ஊர், மஞ்சள் கடிதாசு கொடுத்தவனை மறப்பதில்லை. அவன் மகளுக்கு மாப்பிள்ளை தேடும்போதும் அதுவே பேச்சு. அவன் மகன் பள்ளியிலே சண்டையிட்டாலும் அதுவே வசவு. வகுப்பிலே பிள்ளைகளின் வாயில் அச்சொல் வருவதைக் கேட்கும் ஆசிரியன் நான். பெற்றோர் வாயிலிருந்துதான் அது பிள்ளைகளின் வாய்க்கு வந்தது என்பதையும் அறிவேன்.

அந்தக் கடிதத்தால் உண்மையில் நடப்பது யாது? 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம் சொல்கிறது: மாவட்ட நீதிமன்றத்திலோ, அதிகாரம் பெற்ற சார்பு நீதிமன்றத்திலோ மனுக் கொடுக்கலாம். நொடித்தவர் என்று தீர்ப்பானால், அவருடைய சொத்து நீதிமன்றத்தின் பொறுப்பிலே அல்லது ரிசீவர் பொறுப்பிலே சேர்கிறது. சமையல் பாத்திரம், உடுத்தும் துணி, படுக்கை, கைத்தொழில் கருவி இவற்றைத் தொடக்கூடாது. எஞ்சியதை விற்று, கடன் தந்தோர்க்கெல்லாம் அவரவர் கடனின் அளவுக்கேற்பப் பங்கிடவேண்டும். அடமானம் பிடித்தவர் உரிமை அப்படியே நிற்கும். பின்னர் விடுவிப்பு ஆணை பெற்றால், அரசுக்குரிய கடன், மோசடியால் விளைந்த கடன் போன்றவை நீங்கலாக, மற்றக் கடன்களிலிருந்து அந்த மனிதர் விடுதலை பெறுகிறார்.

'அளவுக்கேற்பப் பங்கீடு' என்ற சொற்களிலேதான் இருக்கிறது சூட்சுமம். நீதிமன்றத்துக்குப் போகாத வீட்டிலே யாருக்கு முதலில் பணம் போகிறது? வாசலிலே நின்று கூச்சலிடுபவனுக்கு! நாலு பேர் பார்க்க வண்டியை நிறுத்தி, வீட்டுப் பெண்ணின் பெயரைச் சொல்லி இழிமொழி பேசுபவனுக்கு! பண்போடு காத்திருந்த மொத்த வியாபாரி ஏமாறுகிறார். கைமாற்றுத் தந்த பள்ளித் தோழர் ஏமாறுகிறார். சீட்டுப் பணம் தந்த பக்கத்து வீட்டு அம்மையார் ஏமாறுகிறார். நகையை விற்றுக் கொடுத்தது வட்டிக்காரனுக்கு; நாணயத்தோடு பழகியோர்க்கு நாமம்! நீதிமன்றத்திலோ, மிரட்டியவனும் மிரட்டாதவனும் ஒரே வரிசையில் நிற்கவேண்டும். ஆக, மஞ்சள் கடிதத்தைக் கண்டு அஞ்சவேண்டியவன் கந்துவட்டிக்காரனே. அந்த அச்சத்தை மறைக்க, அவன் அதை இழிவென்று பரப்புகிறான்; நாமும் நம்பி அவனுக்கு ஊதியமில்லா ஊழியம் செய்கிறோம்!

பத்திரமில்லாமல், நிலமில்லாமல், நகையில்லாமல் அவன் துணிந்து கடன் தருகிறானே, எதை ஈடாகப் பிடித்தான்? குடும்பத்தின் மானத்தைப் பிடித்தான். ஊரார் சிரிப்பார்கள் என்ற அச்சமே அவனுக்கு அடமானப் பத்திரம். அந்தப் பத்திரத்திலே சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள், சிரிக்கத் தயாராக நிற்கும் நாம்தான்.

அந்தப் பத்திரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2017 அக்டோபர் 23ஆம் நாள் கண்டோம். நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்திலே, கந்துவட்டிக் கொடுமையை முறையிட வந்த கூலித் தொழிலாளி ஒருவரின் குடும்பம் தீக்குளித்தது. கணவன், மனைவி, இரு குழந்தைகள், நால்வரும் மாண்டனர். மீட்டர் வட்டியையும் தண்டலையும் பெயர் சொல்லித் தடுத்து, மூன்றாண்டு வரை சிறை என்று விதித்த கந்துவட்டித் தடைச் சட்டம் 2003 முதல் ஏட்டில் இருந்தது. ஏடு இருந்தது, எடுத்தாள்வோர் இல்லை. மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க 2025இலும் தமிழ்நாடு ஒரு சட்டம் இயற்றியது. அதையும் ஏட்டோடு விட்டுவிடப் போகிறோமா?

'அப்பன் கடனை மகன் தீர்க்காவிட்டால் நரகம்' என்று சொல்வோரும் உண்டு. இது பாட்டி கதை மட்டுமன்று, தோழர்களே. நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்ட இந்து சட்டக் கோட்பாடாகவே இருந்தது! தந்தையை நரகத்திலிருந்து மீட்பது மகனின் புனிதக் கடமை, ஆகவே தந்தையின் கடனுக்காகக் குடும்பச் சொத்திலே மகனுக்குள்ள பங்கின்மீது பாயலாம் என்றனர். 2005ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம்தான், அதற்குப் பிற்பட்ட கடன்களுக்கு, புனிதக் கடமை என்ற காரணம் மட்டுமே காட்டி மகன்மீதோ பேரன்மீதோ பாயக்கூடாது என்று வகுத்தது. அந்தச் சட்டம் சமணருக்கும் பொருந்தும். மேல்சித்தாமூர் நயினார் வீட்டுப் பிள்ளைக்கும் அதே பாதுகாப்பு உண்டு. தந்தை விட்டுச்சென்ற சொத்திலிருந்து அவர் கடனைத் தீர்ப்பது முறை. பிள்ளையின் நாளைய சம்பளத்தையும் நரகத்தின் பெயரால் கேட்பது கொள்ளை.

சிறைக்கு அஞ்சுவோரும் உண்டு. பணக்கடன் தீர்ப்புக்காகப் பெண்களைக் கைது செய்யக்கூடாது என்பது உரிமையியல் நடைமுறைச் சட்டம். ஆண்களையும், பணம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகச் சிறையிடுவது தகாது, கெட்ட எண்ணம் மெய்ப்பிக்கப்படவேண்டும் என்று 1980இல் உச்சநீதிமன்றம், கொச்சி வங்கி வழக்கிலே, நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பின் வாயிலாகக் கூறிவிட்டது. ஏழ்மை குற்றமன்று.

இனி மேல்தட்டைப் பாருங்கள். இலண்டனில் சாலமன் என்ற காலணி வணிகர் தம் தொழிலைக் கம்பெனியாக மாற்றினார். மனைவி மக்களே மற்றப் பங்குதாரர். கம்பெனி நொடித்தது. கம்பெனி வேறு, சாலமன் வேறு. கம்பெனியின் கடனுக்கு அவர் பொறுப்பாளர் அல்லர் என்று 1896இல் பிரபுக்கள் சபை தீர்த்தது. பெருமுதலாளி உலகம் அந்த அரணுக்குள்ளேதான் இன்றும் வாழ்கிறது. மேல்சித்தாமூர்க் கடைக்காரருக்கு அந்த அரண் இல்லை. கடை வேறு, வீடு வேறு என்று அவருக்குச் சொல்வார் இல்லை.

விஜய் மல்லையாவின் கிங்பிஷர் விமானங்கள் 2012இல் தரையிறங்கின. வங்கிகளுக்கு ஏறத்தாழ 9,000 கோடி ரூபாய்ப் பாக்கி. 2016 மார்ச்சிலே அவர் நாட்டைவிட்டுப் பறந்தபோது மாநிலங்களவை உறுப்பினர்! விடுவிப்புப் பெறாத நொடிப்பாளர் சட்டமன்றத்திலோ நாடாளுமன்றத்திலோ அமரக்கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டம். ஆனால் அவரை நொடித்தவர் என்று அறிவித்தது 2021இல் இலண்டன் நீதிமன்றம். நாணயமாக மனுக் கொடுத்த சிறுகடைக்காரர் உள்ளாட்சிப் பதவிக்கும் ஆகாதவர்; மனுவே கொடுக்காத கோடீசுவரர் மாமன்றத்துக்கு ஆனவர்! இதுவா சமன்செய்து சீர்தூக்கும் கோல்?

2016இல் இந்தியா புதிய நொடிப்புச் சட்டம் இயற்றியது. கம்பெனிகளுக்குரிய பகுதி அவ்வாண்டே ஓடத் தொடங்கியது. தனி மனிதருக்கும் அதிலே ஒரு பகுதி உண்டு: ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்கும், சொத்து 20,000க்கும், கடன் 35,000க்கும் மிகாத, சொந்த வீடில்லா ஏழைக்குப் 'புதுத் தொடக்கம்' என்றது, மற்றவர்க்கு நொடிப்பு ஆணை பெற்ற ஓராண்டில் விடுவிப்பு என்றது. படிக்க இனிக்கிறது. ஆனால் 2019 டிசம்பர் 1 முதல் அப்பகுதி உயிர்பெற்றது கம்பெனிகளுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே. மளிகைக் கடைக்காரருக்கு? 1920ஆம் ஆண்டின் வெள்ளையர் காலத்துச் சட்டமே கதி. 500 ரூபாய்க் கடனை அளவுகோலாக வைத்த அதே சட்டம்! பெரியவனுக்குப் புதுப் பாலம். சிறியவனுக்குப் பழைய பரிசல்.

நொடிப்பு மனுவால் ஏமாற்றுவோர் இல்லையா என்று கேட்பர். உண்டு. சொத்தை மைத்துனன் பெயருக்கு மாற்றிவிட்டு மனுக் கொடுப்போரும் உண்டு; அவர்களால் சீரழிந்த சிறு குடும்பங்களும் உண்டு. அதற்கும் அதே சட்டம் வழி சொல்கிறது: மனுவுக்கு முந்தைய ஈராண்டுக்குள் நல்லெண்ணமும் தக்க விலையுமின்றிச் செய்த மாற்றங்களைச் செல்லாதெனலாம், கணக்கை மறைத்தவரைத் தண்டிக்கலாம். பொய்யனைப் பிடிக்க நீதிமன்றம் வேண்டும். ஊர்ச் சிரிப்பு பொய்யனைப் பிடிப்பதில்லை. அவனுக்குத்தான் தோல் தடிப்பாயிற்றே! அது கொல்வது மெல்லிய தோலுடைய நாணயக்காரனை.

வணிகத்திலே தோற்றோர் மனிதத்திலும் தோற்றோர் ஆவரா? அமெரிக்காவின் நியூ சேலம் சிற்றூரிலே ஓர் இளைஞன் கூட்டாளியோடு மளிகைக் கடை வைத்து நொடித்தான். கடனைத் தீர்க்கப் பல்லாண்டு பிடித்தது. அவன்தான் ஆபிரகாம் லிங்கன். 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட வ.உ. சிதம்பரனார், சிறை மீண்டபின் கடை வைத்தும் கரையேறாமல், தம் கடன்களைப் பட்டியலிட்ட உயிலோடு 1936இல் மறைந்தார். அவரைப் பாவி என்பார் உண்டா? அவருக்குத் தரும் நீதியைத் தெருக்கோடிக் கடைக்காரருக்கும் தந்தாலென்ன?

இளைஞர்களே! உங்கள் ஊரிலே ஒரு கடை மூடப்பட்டால், அன்று மாலையே அந்த வீட்டுக்குச் செல்லுங்கள். துக்கம் விசாரிக்க அல்ல, கணக்கு எழுத. யாருக்கு எவ்வளவு, எத்தனை வட்டி, கட்டியது எவ்வளவு என்று தாளில் எழுதுங்கள். வட்டச் சட்டப் பணிகள் குழுவுக்கு உடன் செல்லுங்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெண்களுக்கு வருமானம் பாராமலே இலவச வழக்கறிஞர் உண்டு. வாசலிலே கூச்சலிட ஆள் வந்தால், நீங்கள் பத்துப்பேர் திண்ணையில் அமர்ந்திருங்கள். போலீசில் எழுதிக் கொடுங்கள். பிள்ளைகள் மறுநாளும் பள்ளிக்கு வருமாறு பாருங்கள். தனி மனிதருக்கான பகுதியை நடைமுறைக்குக் கொண்டுவரச் சொல்லி, உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள்; கேட்டுக்கொண்டே இருங்கள்.

மஞ்சள் கடிதம் கொடுத்தவரைக் கடைத்தெருவில் கண்டால், நின்று, நலம் விசாரித்து, கை கொடுங்கள். அந்தக் கைகுலுக்கலிலே கந்துவட்டிக்காரன் பிடித்து வைத்திருக்கும் அடமானம் மீட்கப்படுகிறது.