குன்றிமணியைக் கண்டதுண்டா?

கூடாவொழுக்கம் அதிகாரம் நடத்திய நாளொன்றில், "குன்றிமணியைக் கண்டவர் யார்?" என வினவினேன். நிறைந்திருந்த வகுப்பில் நான்கு கைகளே உயர்ந்தன. எஞ்சியோர்க்கு அது "குண்டுமணித் தங்கம்கூட இல்லை" என்னும் வீட்டுப் பேச்சில் வரும் வெறும் சொல்.

நயவஞ்சக வேடத்தைக் கடியும் 277ஆம் குறளின் உயிர் அவ்விதையின் நிறத்திலன்றோ உள்ளது? மேனியெல்லாம் செம்மை, மூக்கில் மட்டும் கருமை. அதனைக் காணாத மாணவன் உரையை மனனம் செய்வான், உவமையை உணரான்.

குன்றி, அவரைக் குடும்பத்துக் கொடி. வேலி பற்றிப் படரும். புளியிலை போன்ற சிற்றிலைகள்; வெளிர் ஊதாப் பூங்கொத்து. காய் முற்றி வெடித்தபின் விதைகள் தோன்றும். ஒன்றின் எடை ஏறத்தாழ 0.12 கிராம், பொற்கொல்லர் தராசில் எடையாய் அமர்ந்தது அதுவே. வேலிகள் மதிற்சுவர்களாயின, கொடிக்குப் பற்றுக்கோடு போயிற்று.

நஞ்சுக் கொடியை வளர்ப்பதா எனப் பெரியோர் கேட்கலாம். கேள்வி நியாயமே. விதையினுள் அப்ரின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. மென்று விழுங்கின் உயிர்க்கே கேடு. (புறத்தே அழகு, அகத்தே நஞ்சு! வள்ளுவர் இதனையும் அறிந்திருப்பாரோ?) ஆதலின் சிறார் நடமாடும் இடத்தில் அது வேண்டா. கல்லூரித் தாவரவியல் தோட்டத்தின் பூட்டிய பகுதியில் ஒரு கொடி படரட்டும். மூடி முத்திரையிட்ட கண்ணாடிக் குப்பியில் பத்து விதைகள் தமிழ்த்துறை மேசையில் இருக்கட்டும். குறளை வாசிக்குமுன் குப்பி வகுப்பைச் சுற்றி வரட்டும். உரைநூல் பிறகு திறக்கப்படலாம்.