கேமரா மேல பழி போடாதீங்க!

திருமங்கலத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. மேடைக்குப் பின்னால் பெரிய எல்.ஈ.டி. திரை. வீடியோவில் பார்த்தால் அதில் கறுப்புக் கோடு கோடாக ஓடுது! "கேமரா ஓட்டை"ன்னு வீடியோக்காரரைப் பிடிச்சுக்கிட்டாங்க. எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற நாங்கள் ஆறு பேர் பக்கத்திலேயே நின்றோம். ஒருத்தருக்கும் வாய் திறக்கவில்லை.

விஷயம் இதுதான். அந்தத் திரையில் எல்லா வரிசையும் ஒரே நேரத்தில் எரிவதில்லை. முறை வைத்து எரிகின்றன. நம் கண் ஏமாந்துவிடும். ஷட்டரை 1/500 நொடி என்று வைத்த கேமரா ஏமாறாது. 1/50-க்கு இறக்கியிருந்தால் பெரும்பாலும் கோடு மறைந்திருக்கும்.

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. அந்தக் கால ஸ்டூடியோ கேமராவுக்கு நொடிக்கு 50 ஃபீல்டு. செட்டில் 60 ஹெர்ட்ஸ் கம்ப்யூட்டர் மானிட்டரை வைத்தால் நொடிக்குப் பத்து தடவை படம் துடிக்கும். கலர் தொல்லை வேறு! ஸ்டூடியோ விளக்கு 3200 கெல்வின், மானிட்டர் 6500. கேமராவில் திரை நீலம் பாரித்துத் தெரியும். திரை மேல் ஆரஞ்சு ஜெலட்டின் தாளை ஒட்டிச் சமாளிப்பதும் உண்டு. நம்ம கண்ணுக்கு அது அசிங்கம். கேமராவுக்கு அதுதான் அழகு.

வைவாவில் "625 லைன், 25 ஃபிரேம்" என்று மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறோமே, இதை ஒரு எக்ஸ்பெரிமெண்ட்டாக வைத்தால் என்ன? தனி பட்ஜெட் ஒன்றும் வேண்டாம். காயலான் கடைக்குப் போகிற பழைய பிக்சர் டியூப் மானிட்டர் ஒன்று போதும். கேமராதான் எல்லார் சட்டைப் பையிலும் இருக்கே!