சாம்பலும் மிஞ்சாத ஏடுகள்

ஓலைச் சுவடியைச் செல் அரிக்கும். அச்சிட்ட நூலை நெருப்பு உண்ணும். இணையத்தில் எழுதியதற்கு மட்டும் அழிவே இல்லை என்று நம்மிற் பலர் எண்ணியிருக்கிறோம். அது வீண் நம்பிக்கை.

1999 ஆம் ஆண்டிலே பெத்லகேம் நகருக்கு அண்மையிலுள்ள தெய்ஷே அகதி முகாமில், பிர்சைத் பல்கலைக்கழகத்தின் முயற்சியால் ஒரு கணினி நிலையம் தோன்றியது. பாலஸ்தீன அகதிகள் தங்கள் கதையைத் தாங்களே உலகுக்கு எடுத்துரைக்க அது வழி செய்தது. ஏறக்குறைய அதே காலத்தில் ஈழத் தமிழரும் இணையத்தில் எழுதத் தொடங்கினர். ஊர் நினைவு, கவிதை, கோயில் திருவிழாப் படம் என அவற்றிலே எத்தனையோ வகை!

அவை இன்று எங்கே? இலவசமாக இடம் அளித்துவந்த ஜியோசிட்டீஸ் 2009 ஒக்டோபரில் மூடப்பட்டது. தொண்டர் சிலர் பிரதி எடுத்தவை பிழைத்தன, ஏனையவை மறைந்தன. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரியூட்டப்பட்டபோது சாம்பலாவது மிஞ்சியது. இங்கே அதுவுமில்லை.

பக்கம் பிழைத்தாலும் போதாது. அந்நாளில் பலர் 'பாமினி' போன்ற எழுத்துருக்களிலே எழுதினர். அவ்வெழுத்துரு இல்லாத கணினியில், 'அம்மா' என்ற சொல்லே ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தோன்றும். ஆகவே ஏட்டோடு எழுத்துருவையும் காக்க வேண்டும்.

பிரதியின் அருமையை வன்னி மக்களுக்கு எடுத்துச் சொல்லவும் வேண்டுமோ? 2009 இல் உடுத்த உடையோடு முல்லைத்தீவுக் கரையைக் கடந்தவர்கள், பெட்டியையும் படத்தையும் விட்டுவந்தார்கள். கடல் கடந்த உறவினரிடம் ஒரு பிரதி இருந்த குடும்பத்துக்கே தாத்தாவின் முகம் மீண்டும் கிடைத்தது.

2005 இல் தொடங்கிய 'நூலகம்' திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவிற் சேர்த்துவருகிறது. 1996 இல் அமெரிக்காவில் நிறுவப்பட்ட இணைய ஆவணகம், நாம் கொடுக்கும் முகவரியிலுள்ள பக்கத்தைப் பிரதி செய்து வைக்கிறது. மாணவர்களே, உங்கள் ஊரைப் பற்றிய பழைய பக்கம் ஒன்றைக் கண்டால் அதன் முகவரியையும் நீங்கள் கண்ட திகதியையும் குறித்து, இரண்டு இடங்களிற் சேமித்து வையுங்கள். எழுதியவர் உயிரோடிருந்தால், அதை வெளியிடுமுன் அவர் சம்மதத்தைக் கேளுங்கள். போர்க்காலத்தில் எழுதிய ஒரு சொல், இன்று அவருக்கு இடர் விளைக்கவுங்கூடும்.

நம் கதையைப் பிறர் எழுதுமுன் நம்மவர் எழுதிவைத்தனர். அதைக் காப்பது நம் கடன் அன்றோ?