பாய்லருக்குச் சான்றிதழ்! சமையற்காரருக்கு?

ஆயிரம் பேருக்குச் சோறு வடிக்கும் இடங்கள் பலவற்றில் விறகடுப்பு விடைபெற்றுப் போய்விட்டது. புகை போயிற்று, கண்ணெரிச்சல் போயிற்று. ஆலைக் கேண்டீனிலும், மருத்துவமனையிலும், மாணவர் விடுதியிலும் நீராவி வந்து சமைக்கிறது. வரட்டும், வரவேற்கிறோம்! ஆனால் அந்த நீராவியை அடக்கி ஆளுகின்ற சிறு கருவி ஒன்று உண்டே, அதைப் பற்றிக் கவலைப்படுவோர் யார்? பாய்லரைப் பற்றிப் பேச அதிகாரி இருக்கிறார். சாம்பாரைப் பற்றிப் பேசச் சாப்பிடுவோர் அனைவரும் இருக்கிறோம். இரண்டுக்கும் நடுவே, சுவரோரக் குழாயில் எண்ணெய்ப் பிசுக்கேறிக் கிடக்கும் அழுத்தக் குறைப்பு வால்வைப் பற்றி, தொழிலாளர் வாயில் 'பி.ஆர்.வி.' என்று வழங்கும் அந்த வால்வைப் பற்றிப் பேச ஆளில்லை. ஆகவே நாம் பேசுகிறோம்.

பாய்லர் 7 கிலோ அழுத்தத்தில் நீராவி தருகிறது என்று வைத்துக்கொள்வோம். இரட்டைச் சுவர் அண்டாவுக்கு வேண்டியதோ 1 கிலோ. 7 கிலோ நீராவியின் சூடு 170 டிகிரி; 1 கிலோவில் 120 டிகிரி. ஏழை ஒன்றாக்குவதுதான் இந்த வால்வின் வேலை. உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு மெல்லிய டயாப்ரம் தகடு, ஓர் அடைப்பான், அது உட்காரும் பீடம், இவ்வளவுதான். அண்டாப் பக்கம் அழுத்தம் ஏறினால் தகடு அசைந்து அடைப்பான் மூடும். இறங்கினால் ஸ்பிரிங் தள்ளித் திறக்கும்.

மூன்றடி அகலமுள்ள அண்டாவின் அடிப்புறத்தை 1 கிலோ அழுத்தம் தாக்கினால், அந்தச் சுவர் தாங்கும் பாரம் 6 டன்னுக்கு மேல். வால்வு கைவிட்டு 7 கிலோ முழுதும் புகுந்தால் 45 டன்னுக்கு மேல்! ஆறு டன்னைச் சுமக்கச் செய்த அண்டாவின் தலையில் நாற்பத்தைந்து டன் இறங்கும்போது, பக்கத்தில் துடுப்புப் பிடித்து நிற்பவர் யார்? மானேஜரா? டெண்டரில் கையெழுத்திட்டவரா?

அடுப்பு முழு மூச்சில் நடக்கும்போதுதான் ஆபத்து என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல தோழர்களே! சமையல் நடக்கும்போது அண்டாக்கள் நீராவியைக் குடித்துக்கொண்டேயிருக்கும். வேலை முடிந்து அண்டா வால்வுகளை மூடிய பிறகுதான் சோதனை வருகிறது. குழாயின் துருச் செதில் ஒன்று பீடத்தில் சிக்கியிருக்கும். அல்லது ஈரம் கலந்த நீராவி பாய்ந்து பாய்ந்து பீடத்தில் கோடு அறுத்திருக்கும். அந்த இடுக்கின் வழியே கசிகின்ற நீராவிக்குப் போக்கிடம் இல்லை. சொட்டுச் சொட்டாய்ச் சேர்ந்து, அண்டாப் பக்கக் குழாயிலும் பாய்லரின் அழுத்தமே வந்து நிற்கும். மாலைச் சமையலுக்கு வந்தவர் மூடியிருந்த அண்டா வால்வைத் திறக்கிறார். திறப்பது எதை என்று அவருக்குத் தெரியுமா?

இதைக் கண்டுபிடிக்க ஸ்பானரும் வேண்டாம், பட்டமும் வேண்டாம். பைபாஸ் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். சமையல் முடிந்ததும் அண்டா வால்வுகளை எல்லாம் மூடிவிட்டு, பி.ஆர்.வி.க்கு அப்பாலுள்ள கேஜைப் பத்து நிமிடம் கவனியுங்கள். முள் சிறிது ஏறி நின்றுவிட்டால் அது இயல்பு. நிற்காமல் ஒன்றரை, இரண்டு, மூன்று என்று ஏறிக்கொண்டே போனால் பீடம் மூடவில்லை என்று பொருள். மெயின் வால்வை அடைத்துவிட்டு ஃபிட்டரைக் கூப்பிடுங்கள். அவர் கழற்றுமுன் இரண்டு பக்கக் கேஜும் பூஜ்யத்துக்கு வந்து, குழாய் ஆறியிருக்க வேண்டும். அவசரம் என்று எவர் விரட்டினாலும் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். (கேஜே பழுதென்றால் என்ன செய்வது என்கிறீர்களா? கண்ணாடி உடைந்த கேஜை முதலில் மாற்றச் சொல்லுங்கள், மற்றவை பிறகு.)

சோறு வேகத் தாமதமாகிறது, பந்தி காத்திருக்கிறது, உடனே ஒருவர் பி.ஆர்.வி.யின் திருகை இரண்டு சுற்று இறுக்குகிறார். வைத்தியம் நோய்க்கல்ல, நோயாளியின் கழுத்துக்கு! பெரும்பாலும் குற்றம் ஸ்டீம் ட்ராப்பில் இருக்கும். அது அடைத்துக்கொண்டால் குளிர்ந்த நீர் அண்டாச் சுவருக்குள் தேங்கும், நீராவிக்கு இடமிராது. ட்ராப்பைச் சுத்தம் செய்தால் சோறு வேகும். திருகை இறுக்கினால் அடிபிடிக்கும். அதைவிடக் கொடுமை பைபாஸ். வால்வு கெட்டுவிட்டது, "இன்று ஒரு நாள் மட்டும்" என்று திறக்கிறார்கள். அந்த ஒரு நாள் மாதக்கணக்கில் நீளுவதை எத்தனை கேண்டீன்களில் காண்கிறோம்!

பாதுகாப்பு வால்வு பிறந்ததே சமையற் பாத்திரத்தில்தான். பிரெஞ்சு நாட்டு டெனி பாப்பன் 1679-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் எலும்பையும் மெதுவாக்கும் நீராவிக் கலனைக் காட்டினார். அந்தக் கலன் வெடிக்காதிருக்க அவர் கண்டதுதான் எடை தொங்கும் பாதுகாப்பு வால்வு. மூன்றரை நூற்றாண்டு ஆகப்போகிறது. இன்றும் பி.ஆர்.வி.க்கு அப்பால் சேப்டி வால்வு இல்லாத சமையற்கூடமும், இருக்கும் சேப்டி வால்வு கசிகிறதென்று கம்பியால் கட்டிய சமையற்கூடமும் இருக்கலாமா?

சட்டம் இல்லையா என்று கேட்பார்கள். பாய்லருக்கு 1923-இல் சட்டம் வந்தது. 2025-இல் அதன் இடத்தில் புதுச் சட்டமும் வந்துவிட்டது. சோதனை நாளன்று பாய்லர் அறைக்கு வெள்ளையடித்துக் கோலம் போடாத குறைதான்! 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 31-ஆம் பிரிவில், ஆலைக் கருவிகளில் பாதுகாப்பான அழுத்தம் மீறக்கூடாது என்று விதித்தது. அது ஆலைக்கு. விடுதிச் சமையற்காரருக்கு? மருத்துவமனைச் சமையலறைப் பெண்ணுக்கு? அங்கே நீராவி சுடாதா?

செலவாகும் என்பார்கள். புது வால்வு கேட்கவில்லை நாம். வாரம் ஒருமுறை ஸ்ட்ரெய்னரை ஊதிவிட ஆள், வருடம் ஒருமுறை வால்வைத் திறந்து டயாப்ரத்தையும் பீடத்தையும் பார்க்க ஃபிட்டர், அலமாரியில் ஒரு செட் உதிரிப்பாகம், சுவரில் ஒரு நோட்டுப் புத்தகம். இதற்குப் பணமில்லை என்பவர்கள், கசிந்து வீணாகும் நீராவிக்கு எரிக்கும் எரிபொருளின் கணக்கைக் காட்டட்டும்.

கேண்டீன் கமிட்டியில் இருக்கும் தோழர்கள் அடுத்த கூட்டத்தில் இட்டிலி எண்ணிக்கைக்கு முன் இதைப் பேசுங்கள்: பைபாஸுக்குப் பூட்டு வேண்டும்; சாவி ஃபிட்டர் கையில் இருக்க வேண்டும்; எந்த நாள், என்ன அழுத்தம், பார்த்தவர் யார் என்பது நோட்டில் ஏற வேண்டும். அந்த நோட்டில் மாதம் ஒருமுறை மானேஜரும் அடுக்களைக்கு நேரில் வந்து, கேஜைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.