கப்சாயை விட்டு இறங்கிய கதை

காலை ஆறு மணிக்கு வானொலியில் உங்களுக்கு வணக்கம் சொல்ல வேண்டுமென்றால், கிள்ளானில் இருக்கும் என் வீட்டிலிருந்து நாலேகால் மணிக்கே கிளம்ப வேண்டும். பதினொரு வருடமாக இதுதான் என் நேரம். பதினொரு வருடமாக ஒரே மோட்டார்தான். அப்பா 2006ஆம் ஆண்டு வாங்கிய ஹோண்டா இஎக்ஸ்5. நான் படிப்பு முடித்து முதல் வேலைக்குப் போன அன்று சாவியைக் கையில் கொடுத்து, "காடி வாங்குற வரைக்கும் இத வச்சுக்கோ"ன்னு சொன்னார். காடியும் வாங்கவில்லை, கப்சாயும் என்னை விட்டுப் போகவில்லை.

இஎக்ஸ்5 பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் வீடுகளில் யாராவது ஒருவர் அதில் வேலைக்குப் போயிருப்பார், யாராவது ஒருவர் அதன் பின்சீட்டில் பள்ளிக்கூடம் போயிருப்பார். மிதித்தால் உயிர் வரும். பெட்ரோல் நான்கு லிட்டருக்குள் நிரம்பிவிடும். ரோட்டெக்ஸ் வருடத்துக்கு இரண்டே வெள்ளி. எந்தத் தாமானில் நின்றுபோனாலும் அதைப் பழுதுபார்க்கத் தெரிந்த பட்டறை பக்கத்தில் இருக்கும்.

ஆனால் போகவர எண்பது கிலோமீட்டர் கூட்டரசு நெடுஞ்சாலையில் ஓட்டுவதற்கு அது செய்யப்பட்ட வண்டியல்ல. மோட்டார் தடத்துக்குள் இருக்கும் வரை பயமில்லை. தடம் முடிந்து பெரிய சாலையில் சேரும்போதுதான் சிக்கல். பின்னால் வருகிற லோரி தொண்ணூறில் வரும். என் கப்சாய் எழுபத்தைந்தைத் தாண்டினால் கைப்பிடி நடுங்கும்.

போன ஆண்டுக் கடைசியில், மழை விடாத ஒரு அதிகாலையில், அப்படிச் சேரும்போது ஒரு கொள்கலன் லோரி என்னைக் கடந்தது. லோரி என்னைத் தொடவில்லை. அதன் காற்று முதலில் தள்ளியது, பிறகு உள்ளே இழுத்தது. தண்ணீர் கண்ணாடியில் அடித்ததில் இரண்டு மூன்று விநாடி எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. வண்டி ஆடி ஆடித் தானாக நேரானது. சாலையோரம் நிறுத்திக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு நிலையத்துக்குப் போய், உடை மாற்றி, ஆறு மணிக்கு "இனிய காலை வணக்கம்" சொன்னேன். நேயர் ஒருவர் வாட்சாப்பில், "என்ன தங்கச்சி, சளியா?" என்று கேட்டிருந்தார்.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் இரவு சாப்பிடும்போது அப்பாதான் ஆரம்பித்தார்.

"நேத்து காலையில நீ பேசுன மொத வாக்கியத்துல மூச்சே இல்லையேம்மா. என்னாச்சு?"

தினமும் ஆறு மணிக்கு என் குரல் கேட்டால்தான் அவர் இரண்டாவது காப்பி குடிப்பார் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும்.

அம்மா உடனே கார் வாங்கச் சொன்னார். கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒன்பது வருடத் தவணை, கோலாலம்பூரில் நிறுத்துமிடக் கட்டணம், வீடு திரும்பும் நேரத்து நெரிசல். வீட்டுக் கடனும் தம்பி படிப்பும் இருக்கும்போது அது முடியாது. அப்பா சொன்னார்: "அப்ப பெரிய மோட்டாரா வாங்கு. இத வித்துடலாம்." அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

புது வண்டி வேண்டாம், பயன்படுத்தியதே போதும் என்று முடிவு செய்தோம். 155 சிசி ஸ்கூட்டர். என்னிடம் இருப்பது பி2 லைசன். 250 சிசி வரை அதுவே போதும். இருநூற்றைம்பதையும் பார்த்தேன். ஆனால் அதன் எடையை என் வீட்டு வாசல் சரிவில் தனியாகத் தள்ள முடியவில்லை. ஒரு மோட்டாரை நாம் ஓட்டுவதைவிட அதிகமாகத் தள்ளுகிறோம் என்பதைப் பெண் வாசகர்கள் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 155இல் ரோட்டெக்ஸ் இரண்டு வெள்ளியிலிருந்து முப்பது வெள்ளியாகும். லிட்டருக்கு ஐம்பது கிலோமீட்டர் போனது நாற்பதாகும். அதாவது, எனக்கு வாரத்துக்கு இரண்டு லிட்டர் கூடுதல். அது பரவாயில்லை.

முதலில் பார்த்த வண்டி பளபளவென்று இருந்தது. விலையும் குறைவு. விற்றவர், "இன்னும் ரெண்டு பேர் கேக்குறாங்க, ஐந்நூறு வெள்ளி இப்பவே போட்டுவிட்டா உங்களுக்கு எடுத்து வைக்கிறேன்" என்றார். அப்பா கிராண்டைக் கேட்டார். அதில் வேறு யாருடைய பெயரோ இருந்தது. "அவரு என் கூட்டாளி, வெளியூர்ல இருக்காரு" என்றார் விற்றவர். அப்பா நன்றி சொல்லிவிட்டு நடந்துவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. வண்டி அவ்வளவு அழகு. அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டாவது வண்டி ஷா ஆலமில். இருபத்தெட்டாயிரம் கிலோமீட்டர் ஓடியது. எங்கள் தாமான் பட்டறை அண்ணனையும் அழைத்துப் போனேன். அவர் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன். வாங்கப் போகிறவர்களுக்கு உதவும்.

முதலில் எஞ்சினைத் தொட்டுப் பார்த்தார், சூடு இருக்கிறதா என்று. நாம் போகும் முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், குளிரில் கிளம்பத் திணறுவதை மறைக்கிறார்கள் என்று அர்த்தம். கிராண்டில் உள்ள எஞ்சின் எண்ணையும் அடிச்சட்ட எண்ணையும் வண்டியோடு ஒப்பிட்டார். டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் படித்தார். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். முன்பக்க ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவினார். பிறகு கேட்ட கேள்விதான் முக்கியம்: "பெல்ட் எப்ப மாத்துனீங்க?"

கப்சாயில் சங்கிலி தளர்ந்தால் சத்தம் போடும். ஸ்கூட்டரில் பெல்ட் மூடிக்குள் இருக்கும். நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும், ஒருநாள் அறுந்துவிடும். பொதுவாக 20,000 முதல் 25,000 கிலோமீட்டருக்குள் மாற்ற வேண்டும். விற்றவர் மாற்றவில்லை என்று உண்மையைச் சொன்னார். அதனாலேயே அவர்மேல் நம்பிக்கை வந்தது. ஆறாயிரத்து ஐந்நூறு கேட்டவர் ஆறாயிரத்து இருநூறுக்கு இறங்கினார். பெல்ட்டும் பின் டயரும் நான் போட்டுக்கொள்வதாகப் பேச்சு. முன்சக்கரத்துக்கு மட்டும் ஏபிஎஸ் இருந்தது. அதற்காகவே மற்ற இரண்டு வண்டிகளை விட்டேன்.

பணத்தை முன்கூட்டிக் கொடுக்கவில்லை. காப்புறுதியை என் பெயரில் எடுத்துக்கொண்டு, இருவரும் ஒன்றாக ஜேபிஜே போய், இருவரும் கைரேகை வைத்த பிறகே மீதிப் பணம். முழுக் கடன் அடையாத மோட்டாராக இருந்தால் கொடுத்த நிறுவனத்தின் உரிமைக்கோரல் பதிவில் இருக்கும். அது நீங்காமல் பெயர் மாறாது. சம்மன் பாக்கியால் கறுப்புப் பட்டியலில் இருந்தாலும் அப்படித்தான். இதையெல்லாம் போகும் முன்பே கேட்டு வையுங்கள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் விழுந்தேன்.

நெடுஞ்சாலையில் இல்லை. எங்கள் தாமான் முனையில், இருபது கிலோமீட்டர் வேகத்தில். ஒரு பூனை குறுக்கே ஓடியது. என் வலது கால் சட்டென்று பிரேக்கை மிதித்தது. ஸ்கூட்டரில் அங்கே பிரேக்கே இல்லை. பின் பிரேக் இடது கையில் இருக்கிறது. பதினொரு வருடமாகக் கப்சாயில் அந்தக் கைக்குப் பிரேக் வேலையே இல்லை. கால் காற்றை மிதித்துக்கொண்டிருக்க, நான் பதறி வண்டியை ஒடித்தேன். விழுந்துவிட்டது. முழங்காலில் சிராய்ப்பு, கண்ணாடி ஒன்று போச்சு, பூனைக்கு ஒன்றுமில்லை.

அதே தவறு லோரிக்குப் பக்கத்தில் நடந்திருந்தால் என்று நினைத்தபோதுதான் உடம்பு நடுங்கியது. நம் நாட்டில் சாலை விபத்தில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளோட்டிகள். செய்தியில் நானே எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். பாதுகாப்புக்காக வாங்கிய வண்டி, பழகாததாலேயே ஆபத்தாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னைக் கோவில் வாகன நிறுத்துமிடத்துக்கு அழைத்துப் போனார். முட்டி வலியோடு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். "நில்லு" என்று அவர் கத்தும்போதெல்லாம் நான் இரண்டு கையாலும் பிரேக் பிடிக்க வேண்டும். எழுபது எண்பது முறை இருக்கும். கியரை இறக்கி வேகத்தைக் குறைக்கிற பழக்கத்தையும் மறக்க வேண்டியிருந்தது. சக்கரம் சிறியது என்பதால் குழியில் கப்சாய் ஏறி இறங்கிய மாதிரி இது இறங்காது என்பதும் அங்கேதான் புரிந்தது. முப்பது வயது தாண்டிய மகளுக்கு மோட்டார் சொல்லித்தரும் அப்பாவைக் கோவிலுக்கு வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

கப்சாயைப் பின்வரிசை வீட்டுப் பையன் கேட்டான். உணவு விநியோகம் செய்யப் போகிறானாம். ஆயிரத்து ஐந்நூறு பேசியிருந்தோம். அப்பா ஆயிரத்து இருநூறு மட்டும் வாங்கிக்கொண்டு, "மீதி முந்நூறுக்கு நல்ல ஹெல்மெட் வாங்கி எனக்குக் காட்டணும்" என்றார். இரண்டு நாள் கழித்து அவன் காட்ட வந்தான். அப்பா சிரிம் ஒட்டுவில்லையைப் பார்த்தார். தாடைப் பட்டையை இழுத்துப் பார்த்தார். அப்புறம்தான் சாவி.

சின்ன வண்டியிலிருந்து பெரிய வண்டிக்குப் போகிறவர்கள் வண்டியின் விலையோடு பெல்ட், டயர், காப்புறுதிக்கு ஒரு தொகையையும், பழகுவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் ஒதுக்கி வையுங்கள். நான் இரண்டாவதை ஒதுக்கவில்லை.

இப்போது நாலேகாலுக்குக் கிளம்பினால் வீட்டில் யாருக்கும் கேட்பதில்லை. ஸ்கூட்டரில் அவ்வளவாகச் சத்தமில்லை. அப்பாவுக்கு அது ஒரு குறை. கப்சாயை மிதிக்கும் சத்தத்தில் விழித்து, நான் முனை திரும்பும் வரை கேட்டுவிட்டுத் தூங்குவாராம். அதனால் நிலையம் சேர்ந்ததும் ஒரு தகவல் போடுகிறேன். அவர் படித்துவிட்டுப் பதில் போடுவதில்லை. ஆறு மணி வரை காத்திருந்து, முதல் வாக்கியத்தைக் கேட்டுவிட்டுத்தான் காப்பி குடிக்கிறார்.

அடுத்த வாரம் பேசுவோம். பார்த்துப் போய் வாருங்கள்.