மோவாயைப் பாருங்கள்

பச்சைக் குழந்தையை மாரோடு சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டு கடைவீதிக்கு வரும் அம்மாக்களை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். சில அப்பாக்களும் கட்டிக்கொள்கிறார்கள். கூட வரும் பெரியவர்கள் சும்மா இருப்பதில்லை. “கால் வளைஞ்சுடும், இறக்கி வைம்மா” என்பார்கள்.

கால் வளையாது. குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்துத்தானே நாம் எல்லாரும் வளர்ந்தோம்? தொடைகள் விரிந்து, முட்டி பிட்டத்தைவிடச் சற்று மேலே நிற்கும். இடுப்பு மூட்டுக்கு நல்லது என்று எலும்பு மருத்துவர்கள் சொல்வதும் இதே இருப்பைத்தான். துணி ஒரு முட்டியிலிருந்து மறு முட்டி வரை தொடையைத் தாங்கினால் போதும்.

பயப்பட வேண்டியது மூச்சுக்கு. கைக்குழந்தைக்குத் தலை கனம், கழுத்துக்கோ பலம் கிடையாது. மூச்சுக்குழாய் குறுகலானது, மென்மையானது. துணி தளர்ந்து குழந்தை உள்ளே சுருண்டால் மோவாய் நெஞ்சில் முட்டும், மூச்சு வழி மடங்கும். மூச்சு முட்டுகிற குழந்தை அழுது கூப்பிடாது. அமைதியாகத் தூங்குவது போலவே இருக்கும். தோளில் மாட்டும் துணித் தூளிகளால் 20 ஆண்டுகளில் குறைந்தது 14 குழந்தைகள் இறந்ததை அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2010இல் எடுத்துச் சொல்லி எச்சரித்தது. அவர்களில் 12 பேர் நான்கு மாதம்கூட ஆகாதவர்கள்.

என் தங்கை மகள் நான்கு நாடா வைத்த கேரியர் ஒன்று வாங்கியிருக்கிறாள். சீனாவிலிருந்து பரவிய வகை. கீழ் நாடாவை இடுப்பில் கட்டினாள். பிள்ளையை மாரில் சாய்த்துத் துணியை அவன் முதுகுக்கு மேல் இழுத்தாள். தோள் நாடாக்களைத் தன் முதுகில் குறுக்காக விட்டு, முன்னால் கொண்டுவந்து அவன் தொடைக்கு அடியில் கடத்தி, பின்னால் இரட்டை முடிச்சுப் போட்டாள்.

“இறுக்கினா அவனுக்கு வலிக்காதா பெரியம்மா?”

“அவன் முதுகுல கை வெச்சு லேசா அழுத்திப் பாருடி.”

அழுத்தினாள். பிள்ளை இன்னும் இரண்டு விரற்கடை அவள் பக்கம் ஒட்டினான். அவ்வளவும் தொய்வு. அவிழ்த்து, நாடாவைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துத் திரும்பக் கட்டியதும் அழுத்தினாலும் அசையவில்லை. குனிந்தால் உச்சியில் முத்தம் கொடுக்க எட்டியது. மோவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவில் ஒரு விரல் நுழைந்தது. மூக்கும் வாயும் துணியில் புதையாமல் கண்ணுக்குத் தெரிந்தன. இவ்வளவும் சரியாக இருந்தால்தான் வாசல் தாண்டலாம். வெளியே போன பிறகும் அடிக்கடி முகத்தைப் பார்க்க வேண்டும், தூங்கிவிட்டால் இன்னும் அதிகமாக.

அரசு மருத்துவமனைகளில் எடை குறைந்த சிசுக்களைத் தாயின் வெறும் மார்பில் வைத்துக் கட்டுகிறார்களே, அந்த கங்காரு முறையிலும் செவிலியர் தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, மோவாயைச் சற்று நிமிர்த்தித்தான் வைக்கிறார்கள். இன்குபேட்டர்கள் போதாத பொகோட்டா நகர மருத்துவமனையில் எட்கர் ரே என்ற மருத்துவர் 1978இல் தொடங்கிய முறை அது. குறைமாதத்தில் பிறந்த பிள்ளை என்றால் கடையில் கேரியர் வாங்குமுன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

மற்றவை நமக்கே தெரிய வேண்டியவை. பிள்ளையைக் கட்டிக்கொண்டு அடுப்படியில் நிற்கக் கூடாது, டூவீலரில் ஏறக் கூடாது. கீழே கிடப்பதை எடுக்க முதுகை வளைக்காமல் முட்டியை மடக்கி உட்கார வேண்டும். நம் வெயிலுக்கு மெல்லிய பருத்திச் சட்டை ஒன்று போதும், கம்பளி வேண்டாம். முதல் சில தடவை கட்டிலோரமாக நின்று கட்டிப் பழகுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அம்மா உடம்புக்குக் கச்சிதமாக இருந்த கட்டு அப்பா தோளில் தொய்யும், பாட்டிக்கு வேறு மாதிரி உட்காரும். ஆள் மாறினால் முடிச்சை அவிழ்த்து முதலிலிருந்து கட்ட வேண்டும். அதனால் பிள்ளையைத் தூக்குகிற எல்லாரும் கட்டக் கற்றுக்கொள்ளட்டும். அம்மா ஒருத்திக்குத் தெரிந்தால் போதும் என்று விட்டால், கட்டுவதும் அவள் வேலையாகிவிடும், சுமப்பதும் அவள் வேலையாகிவிடும்.